இழை: ‘செயலற்ற’ கிட்டாரை வாசிப்பது எப்படி?

அச்சுப்பிழை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பேஸ் கிட்டார் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆக்டிவ், பாசிவ் என்ற இரண்டு சொற்களில் மூன்று நாளாகச் சிக்கிக்கிடக்கிறேன். உள்ளே முன்பெருக்கியும் (ப்ரீஆம்ப், ஒலிக்குறிப்பை வலுவாக்கும் சுற்று) அதற்கென 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் ஆக்டிவ். காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே என்றால் பாசிவ். அகராதி சொன்னபடி ‘செயல்படு’, ‘செயலற்ற’ என்று போட்டேன். இப்போது ஒரு வரி இப்படி வந்து நிற்கிறது: “பேட்டரி தீர்ந்துவிட்டால், செயலற்ற நிலைக்கு மாற்றித் தொடர்ந்து வாசிக்கலாம்.” செயலற்றதை எப்படி வாசிப்பது?

பழம்புலவன்:

இலக்கணம் கையில் இருக்க அகராதி எதற்கு? செய்வினைக் கிட்டார், செயப்பாட்டுக் கிட்டார். முடிந்தது. ‘கிட்டார்’ கூட வேண்டாம். மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களுக்கும், அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த சுரநிலைகளுக்கும், நம்மிடம் பெயர் உண்டு. தாழ்ந்த தானம் மெலிவு. ஆகவே ‘மெலிவியாழ்’. உறுப்புகளுக்கும் பழைய யாழின் பெயர்களே போதும்: குடத்துக்குப் பத்தர், தண்டுக்குக் கோடு, முறுக்காணிக்கு மாடகம். திவவு என்பதை வார்க்கட்டு என்பார்கள். என்னைக் கேட்டால் அதை விரல் வைக்கும் மெட்டுக்கே கொடுத்துவிடலாம். அதுபற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கம்பிக்காரன்:

தனி மடல் வேண்டாம் ஐயா, போன முறை பதினொன்று வந்தது.

செய்வினை என்று அச்சிட்டால் வாங்கியவர் மந்திரவாதியைத் தேடிப் போவார். மெலிவியாழ் என்றால் நோஞ்சான் வாத்தியம் என்று நினைப்பார். இதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் நெஞ்சுக்கூட்டை உலுக்கும்.

‘செயலற்ற’ என்பது அதைவிடப் பெரிய அநியாயம். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாருக்குப் பேட்டரியே கிடையாது; இன்றைக்கும் எடுத்தால் பாடும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரில் பேட்டரி தீர்ந்தால் முதலில் ஒலி கரகரக்கும், பிறகு மங்கும், பிறகு மௌனம்தான். பாசிவுக்கு மாற்றும் சுவிட்சும் அதில் இல்லை. இந்த இரண்டில் எது செயலற்றது?

சோதனைக்கூடம்:

இயற்பியல் வகுப்பிலும் இதே வம்புதான். வெளி மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் உறுப்பு ஆக்டிவ். ‘செயல்’ என்ற வேர்ச்சொல்லே தவறான இடத்தில் கை வைக்கிறது. ‘மின்சார்’, ‘மின்சாரா’ என்று சொல்லலாமா?

கையேட்டுக்கு இன்னொன்று. ஆல்கலைன் பேட்டரியில் ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு இருக்கும். முன்பெருக்கி ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தால் 500 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு எட்டு மாதம். ஆனால் கேபிளைச் செருகியபடியே விட்டால் மூன்று வாரத்தில் தீரும். செருகுதுளைதான் சுவிட்ச்: கேபிள் முனையின் உலோக உடல் உள்ளே இரண்டு தொடுமுனைகளை இணைத்துச் சுற்றை மூடிவிடுகிறது. ஒலியைக் குறைத்து வைத்தாலும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், 9 வோல்ட் பேட்டரியை ‘மின்கலம்’ என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே 1.5 வோல்ட் கலங்கள் ஆறு இருக்கின்றன. அது மின்கல அடுக்கு.

பழம்புலவன்:

மின்சாரா! மின்சாரம் என்பதைப் பாதியில் வெட்டியது போல இருக்கிறது. அதிலும் பாசிவ் கிட்டாரிலும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கத்தானே செய்கிறது? அது மின்சாராமல் எதைச் சார்ந்தது?

சோதனைக்கூடம்:

ஒப்புக்கொள்கிறேன். மின்சாராவைத் திரும்பப் பெறுகிறேன். அடுக்கைத் திரும்பப் பெற மாட்டேன்.

கம்பிக்காரன்:

இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 18 வோல்ட்டில் ஓடும் கிட்டாருக்கு என்ன சொல்வீர்கள்? மின்கல அடுக்கின் அடுக்கா?

அச்சுப்பிழை, நீங்கள் தேடுவது கிட்டாருக்குப் பெயர் இல்லை, சுவிட்சுக்குப் பெயர். ஒலி முன்பெருக்கி வழியாகப் போகிறதா, நேராகப் போகிறதா என்பதுதான் கேள்வி. ‘பெருக்குவழி’, ‘நேர்வழி’ என்று போடுங்கள்.

அச்சுப்பிழை:

இது பிடிபடுகிறது. “பேட்டரி தீர்ந்துவிட்டால் நேர்வழிக்கு மாற்றித் தொடர்ந்து வாசிக்கலாம்.” படிப்பவருக்கு உடனே விளங்கும். கிட்டார் வகையைச் சொல்லும் இடங்களில் ‘பேட்டரியுள்ள’, ‘பேட்டரியில்லா’. எழுத்தெண்ணிக்கை கருதி ‘பேட்டரி’ என்றே விடுகிறேன். மறுப்பு இருந்தால் நாளை காலைக்குள்.

சோதனைக்கூடம்:

மறுப்பு உண்டு. அடுக்கு.

பழம்புலவன்:

நேர்வழியா? அறநூலில் வரவேண்டிய சொல்லை ஒரு சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியானால் பேட்டரியில் வாசிப்பவன் குறுக்குவழியில் போகிறானா? பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. திவவு மடல் நாளை வரும்.

கம்பிக்காரன்:

வரட்டும். இந்த இழை தொடங்கிய அன்று செருகிய கேபிளை இப்போதுதான் கழற்றினேன்.