கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: ஒரே நாளுக்கு ஏழு பிரதி, எதை வைத்துக்கொள்வது?

மொட்டைமாடி:

வணக்கம். போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஆயிரத்துக்கும் மேல் ஃபோல்டர், எல்லாம் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கச்சேரிகள். அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பம் இரண்டு கேட்டிருக்கிறேன், மனதில் பெரிதாக ஒட்டவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை 1972-ல் ஒரு கச்சேரியைச் சும்மா ஓடவிட்டேன். ஒரே பாட்டு அரை மணி நேரம், எங்கேயோ போகிறது, தொலைந்துவிட்டது என்று நினைக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள், அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், இந்த ஒரு நாளுக்கு மட்டும் ஏழு ஃபோல்டர் இருக்கிறது. ஒன்றில் சவுண்ட்போர்டு என்கிறார்கள், ஒன்றில் ஆடியன்ஸ், இன்னொன்றில் மேட்ரிக்ஸ். கூடவே இருக்கும் குறிப்புக் கோப்பில் ரீல், டேட் (டிஜிட்டல் நாடா), சிடி என்று அம்புக்குறி போட்டு ஒரு வம்சாவளியே எழுதியிருக்கிறது. எதை வைத்துக்கொண்டு எதை அழிக்கலாம்? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பழையகேசட்:

முதலில் எதையும் அழிக்காதீர்கள்.

அந்த அம்புக்குறிதான் உங்களுக்கு வழிகாட்டி. பதிவு எந்த நாடாவில் பிறந்தது, அதற்குப் பிறகு எத்தனை கை மாறியது என்பதை அது சொல்லும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், மேல்ஸ்தாயி மங்கும், டெக் கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதியே ஏறிவிடும். அதனால் மாஸ்டருக்கு, அதாவது முதல் நாடாவுக்கு, எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. நடுவில் எங்கேயாவது எம்பி3 என்று இருந்தால் மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள். எம்பி3 ஒலியின் ஒரு பகுதியை வெட்டிவிடும், அதை மறுபடி ஃபிளாக் (தரம் குறையாத கோப்பு வகை) ஆக்கினாலும் போனது போனதுதான்.

நான் 1993-ல் நியூஜெர்சிக்குப் படிக்கப் போனபோது இது எல்லாமே தபாலில்தான் நடந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு வெற்று கேசட்டும் திரும்பி வருவதற்கான ஸ்டாம்பும் அனுப்பினால் அவர் நகல் எடுத்து அனுப்புவார். காசு கேட்கக் கூடாது, அதுதான் ஒரே சட்டம். இசைக்குழுவே அப்படித்தான் அனுமதித்திருந்தது. எனக்கு வந்த முதல் கச்சேரி இரண்டு 90 நிமிட மேக்ஸெல் கேசட்டில் இருந்தது. அட்டையில் பொடி எழுத்தில் பாட்டு வரிசை, அடியில் சிவப்பு மையில் “பி பக்கம், 43-வது நிமிடத்தில் வெட்டு” என்று ஒரு குறிப்பு. அந்த இடம் வந்தது, ஜெர்ரி கார்சியா கிடாரில் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறார், டக்கென்று நின்றுவிட்டது. பதிவு செய்தவர் அரங்கில் கேசட்டைத் திருப்பிப்போட்ட நேரம் அது. அந்த அரை நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். பல வருடம் கழித்து வேறொருவர் எடுத்த பதிவில் அதைக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது. பிரதிகளை அழிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும்.

தாளக்கட்டு:

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1965 முதல் 1995 வரை முப்பது வருடம், 2,300-க்கும் மேல் கச்சேரி, அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளில் ஒரே வரிசை கிடையாது. அங்கொன்று இங்கொன்று என்று தொட்டால் ஒன்றும் பிடிபடாது. ஒரு சுற்றுப்பயணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள். 1972 பிடித்திருக்கிறது என்றால் ஐரோப்பாப் பயணம் இருக்கவே இருக்கிறது, ஏப்ரல் 7 முதல் மே 26 வரை 22 கச்சேரி, அத்தனையும் 16 டிராக்கில் (தனித்தனித் தடங்களில்) பதிவானவை. 2011-ல் முழுவதையும் 73 சிடியாக வெளியிட்டார்கள்.

1972-ல் இன்னொரு விஷயம் கவனியுங்கள். 1971 பிப்ரவரியில் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் விலகிவிட்டார், 1974 அக்டோபர் வரை பில் க்ரொய்ட்ஸ்மன் ஒருவர்தான் டிரம்ஸ். ஒரே ஆள் என்பதால் பாட்டு நினைத்த இடத்தில் திரும்புகிறது. 1977-ல் இரண்டு பேர், தாளம் கனமாக, உருண்டு வரும். இந்த வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் தேதி பார்க்காமலே காலகட்டம் சொல்லிவிடலாம். (மிக்கி ஹார்ட் 1991-ல் செய்த பிளானட் டிரம் ஆல்பத்தில் நம் விக்கு விநாயகராம் கடம் வாசித்திருக்கிறார், கிராமி வாங்கிய ஆல்பம். இங்கே பலருக்கு மிக்கியே அந்த வழியாகத்தான் அறிமுகம்.)

1972 ஆகஸ்ட் 27, ஆரிகனில் வெனிட்டா, அதையும் கேளுங்கள். ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி, அந்தப் பண்ணையின் தயிர் லேபிளிலேயே டிக்கெட் அச்சடித்தார்கள். கொளுத்தும் வெயிலில் வாத்தியங்கள் சுருதி விலகிக்கொண்டே இருக்கின்றன, ஆனாலும் அன்றைய டார்க் ஸ்டார் மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்தப் பாட்டு 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை!

மைக்கம்பம்:

சவுண்ட்போர்டு கிடைத்தால் ஆடியன்ஸ் பதிவு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சவுண்ட்போர்டு என்றால் ஒலி மேசையிலிருந்து நேராக எடுத்தது. சுத்தமாக இருக்கும், ஆனால் மேடையில் ஏற்கெனவே சத்தமாகக் கேட்கும் வாத்தியத்தை மேசையில் குறைத்துத்தான் வைப்பார்கள், அதனால் பதிவில் கிடார் எங்கேயோ தூரத்தில் கிடக்கும். அரங்கம் என்ற ஒன்றே இருக்காது. ஆடியன்ஸ் பதிவில் கைதட்டலும் இருமலும் கூடவே வரும், சரி, ஆனால் முதல் இரண்டு ஸ்வரத்திலேயே பாட்டு எதுவென்று தெரிந்து ஐயாயிரம் பேர் ஒன்றாகக் கத்துவது அதில்தான் கேட்கும். இரண்டையும் சேர்த்துக் கலந்ததுதான் மேட்ரிக்ஸ்.

1984 அக்டோபரில் பதிவு செய்கிறவர்களுக்கென்று ஒலி மேசைக்குப் பின்னால் தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். அதற்கு முன் மேசைக்கு எதிரிலேயே மைக் கம்பங்கள் காடு மாதிரி நின்றனவாம், ஒலிக்காரருக்கு மேடையே தெரியாத நிலை. துரத்தாமல் இடம் ஒதுக்கிய அந்த மனசால்தான் இன்று உங்கள் கையில் ஆயிரம் ஃபோல்டர் இருக்கிறது.

கார்னெல் பற்றி: இசைக்குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் எடுத்த பதிவு அது. அவர் பணக்கஷ்டத்தில் இருந்தபோது 1986-ல் அவருடைய நாடாக்கள் இருந்த சேமிப்பறை ஏலத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் நகல்கள் எல்லார் கைக்கும் வந்தன. அதிகாரப்பூர்வமாக வெளியானது 2017-ல்தான். அதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்த கச்சேரியா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதிவு அவ்வளவு தெளிவு, வெகு பேர் கைக்கும் போனது, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டாம் பாதி நிஜமாகவே அபாரம்.

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கார்னெலின் ஏழிலும் கடைசிப் பாட்டை மட்டும் வரிசையாகக் கேட்டேன். இரண்டு பிரதியில் சுருதி கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, பழையகேசட் சொல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். ஐரோப்பா 1972-ஐ இன்று ராத்திரி ஏப்ரல் 7-லிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சந்தேகம், டிஸ்க்குக்கு இன்னொரு நகல் எடுத்து வைத்தபின் எம்டி5 சரிபார்ப்பது (கோப்பு பிசகாமல் நகலானதா என்று பார்ப்பது) ஒவ்வொரு ஃபோல்டராகத்தான் செய்ய வேண்டுமா?

பழையகேசட்:

தேவையில்லை. மேல் ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே எல்லாவற்றையும் சரிபார்க்கும் மென்பொருள்கள் உண்டு, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். இரண்டாவது டிஸ்க்கை வேறு வீட்டில் வையுங்கள்.