ஒரே அரே இரண்டு ஆர்கியுமென்ட்டாகப் போகிறது, ஜிசிசி (சி கம்பைலர்) ஏன் வார்னிங் தருவதில்லை?

ஏற்காடு_மழைமானி:
ஏற்காட்டு மழைமானிகளின் மணிவாரி அளவுகளுக்கு மூன்று புள்ளி சராசரி போடும் புரோகிராம் இது. மெயின் சி-யில், சராசரி போடும் சப்ரூட்டீன் ஃபோர்ட்ரானில், இணைப்பு பைண்ட்-சி (ஃபோர்ட்ரான் சப்ரூட்டீனை சி-யிலிருந்து அழைக்க விடும் அறிவிப்பு). சி-யில் ஓரிடத்தில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே அரே போகிறது. ஓ0-வில் (ஆப்டிமைஸ் செய்யாமல்) ஒரு விடை, ஓ3-இல் (வேகத்துக்காக நிறைய ஆப்டிமைஸ் செய்து) வேறு விடை. ஃபோர்ட்ரானுக்குள் அப்படி அழைத்தால் ஜிஃபோர்ட்ரான் (ஜிசிசி-யின் ஃபோர்ட்ரான் கம்பைலர்) கண்டுபிடித்துவிடுகிறது; சி பக்கம் ‘டபிள்யூ-ஆல்’ (வழக்கமான வார்னிங்குகளை இயக்கும் ஆப்ஷன்) போட்டும் ஒன்றுமே வரவில்லை. ஏனுங்க?

கோரிமேடு_ஃபோர்ட்ரான்:
முதலில் ஒன்று: ஓ0 விடை சரியென்று எடுத்துக்கொள்ளாதீங்க. 0, 30, 0, 0, 0 மி.மீ. என்று வைத்துப் பாருங்க. நடு மூன்று இடங்களுக்கும் வரவேண்டியது 10, 10, 0. ஒரே அரே என்றால் முதலில் 10 எழுதப்படும், அடுத்த இடம் அந்த 10-ஐப் படித்து 3.33 ஆகும், அதற்கடுத்தது 1.11. மழையே பெய்யாத மணிக்கு மழைக்கணக்கு! ஓ3-இல் வெக்டராக்கி நான்கு நான்காகக் கணக்கிட்டால், ஒரு கட்டுக்குள் படித்து முடித்த பிறகே எழுதும். அதனால் முதல் கட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டின் முதல் இடம் மட்டும் கெடும், மற்ற மூன்றும் சரியாக வரும். இந்த மாதிரி பாதி சரியான விடையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தொல்லை.

எழுதப்படும் ஆர்கியுமென்ட் இன்னொன்றோடு மேற்பொருந்தக் கூடாது என்பது ஃபோர்ட்ரான் விதி. கம்பைலர் அதை நம்பித்தான் ஆப்டிமைஸ் செய்கிறது. ஜிஃபோர்ட்ரானின் ‘டபிள்யூ-ஏலியாசிங்’ வார்னிங் வர, வெளிப்படையான இன்டர்ஃபேஸும் (அழைக்கும் இடத்தில் கம்பைலருக்குத் தெரியும் ஆர்கியுமென்ட் விவரம்), உள்ளீடு எது, வெளியீடு எது என்று சொல்லும் இன்டென்ட்-இன், இன்டென்ட்-அவுட் இரண்டும் வேண்டும். பழைய ஃபோர்ட்ரான் 77 பாணியில் தனித்தனி ஃபைல் என்றால் அதுவும் வராது. ‘டபிள்யூ-இம்ப்ளிசிட்-இன்டர்ஃபேஸ்’ போட்டு அந்த அழைப்புகளைப் பிடியுங்க.

அஸ்தம்பட்டி_சி:
சி பக்கம் விஷயம் எளிது. சி கம்பைலர் ஹெடரை (ஃபங்ஷன் அறிவிப்புகள் இருக்கும் ஃபைல்) மட்டும்தான் பார்க்கிறது. ஃபோர்ட்ரான் விதி அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் ஹெடரில் வெறும் நட்சத்திரம் (பாயிண்டர் குறி) மட்டும் இருக்கும். வெளியீட்டு பாயிண்டருக்கு ரெஸ்ட்ரிக்ட் (வேறு பாயிண்டரோடு மேற்பொருந்தாது என்ற வாக்குறுதி) சேருங்க, உள்ளீட்டுக்கு கான்ஸ்ட்டும் (இதன் வழியே எழுதமாட்டோம்) ரெஸ்ட்ரிக்ட்டும். ஏபிஐ (கம்பைல் ஆன பிறகு ஃபங்ஷன் அழைக்கப்படும் முறை) மாறாது. ஜிசிசி 7 முதல் ‘டபிள்யூ-ரெஸ்ட்ரிக்ட்’ இருக்கிறது, இப்போதெல்லாம் ‘டபிள்யூ-ஆல்’ போட்டாலே அதுவும் சேர்ந்து வரும். சி++ என்றால் ரெஸ்ட்ரிக்ட்டுக்கு முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு.

ஹெடரை ஜிஃபோர்ட்ரானின் ‘எஃப்சி-ப்ரோட்டோடைப்ஸ்’ (சி அறிவிப்புகளைத் தானே எழுதித்தரும் ஆப்ஷன்) வழியாக எடுத்தாலும் ரெஸ்ட்ரிக்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்க.

ஏற்காடு_மழைமானி:
சேர்த்ததும் வார்னிங் வந்துவிட்டது, நன்றிங்க. ஆனால் இரண்டாவதை அரே கூட்டல் 1 என்று கொடுத்தால் வரவில்லையே?

அஸ்தம்பட்டி_சி:
வராது. நாமே எழுதிய ஃபங்ஷன் என்றால் ஃப்ரன்ட் எண்ட் (கம்பைலரில் கோடைப் படிக்கும் முதல் பகுதி) இரண்டு எக்ஸ்பிரஷனும் ஒன்றேதானா என்று மட்டும் ஒப்பிடுகிறது. அரேயின் முகவரியை வேறு பாயிண்டரில் போட்டுக் கொடுத்தாலும் ஏமாந்துவிடும். நீளத்தோடு மேற்பொருத்தம் பார்க்கும் மிடில் எண்ட் (ஆப்டிமைஸ் செய்யும் நடுப்பகுதி) சோதனை மெம்காபி, ஸ்டர்காபி மாதிரி கம்பைலருக்கே தெரிந்த ஃபங்ஷன்களுக்குத்தான். ஏசான் (ஓடும்போது மெமரிப் பிழை பிடிக்கும் கருவி) போட்டாலும் இதே கதை.

அதனால் சப்ரூட்டீனை அழைக்கும் ஒரு சின்ன ராப்பர் ஃபங்ஷன் எழுதி, உள்ளீட்டின் முடிவு வெளியீட்டின் தொடக்கத்துக்கு முன்னா, அல்லது நேர்மாறா என்று அசர்ட் (பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) போடுங்க. முகவரிகளை முழு எண்ணாக்கி ஒப்பிடணும். செலவு இரண்டே ஒப்பீடு.

என்னைக் கேட்டால் ஜிசிசி-யே இதைச் செய்யலாம். ஜிசிசி 10-இல் வந்த ஆக்சஸ் ஆட்ரிபியூட்டில் (ஃபங்ஷன் அறிவிப்போடு சேர்க்கும் குறிப்பு) எந்தப் பாயிண்டர் எழுதப்படுகிறது, நீளம் எந்த ஆர்கியுமென்ட் என்று சொல்ல இடமுண்டு. அதை மிடில் எண்ட் சோதனையோடு இணைத்தால் எந்த மொழியிலிருந்து அழைத்தாலும் ஒரே வார்னிங் வரும்.

கோரிமேடு_ஃபோர்ட்ரான்:
இணைக்கலாம், ஆனால் கவனம் வேணும். உள்ளீட்டின் ஒவ்வொரு இடத்தையும் இரண்டால் பெருக்கி வெளியீட்டின் அதே இடத்தில் எழுதும் சப்ரூட்டீனுக்கு ஒரே அரே கொடுப்பவர்கள் ஏராளம். விதிப்படி தவறு, விடை சரியாகவே வரும். அங்கெல்லாம் கத்தினால் வார்னிங்கையே அணைத்துவிடுவார்கள்.

ஃபோர்ட்ரானுக்குள் அவசரத்துக்கு, உள்ளீட்டை அடைப்புக்குறிக்குள் போட்டு அழைத்தால் தற்காலிக நகல் எடுத்துக்கொள்ளும். அரே பெரிதென்றால் அந்த நகலின் மெமரியையும் கணக்கில் வையுங்க.