ஈ-டைப் 265, போர்ஷே 911 வெறும் 130: எங்கோ உதைக்கிறதே?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் 3.8 லிட்டர், 265 குதிரைசக்தி, உச்ச வேகம் 150 மைல், அதாவது 241 கிலோமீட்டர். 1964-இல் வந்த முதல் போர்ஷே 911, 2 லிட்டர், 130 குதிரைசக்தி, 210 கிலோமீட்டர். சக்தி இரண்டு மடங்கு, வேகமோ 31 கிலோமீட்டர்தான் கூடுதல். காற்றைக் கிழித்துப் போவதற்கென்றே செதுக்கிய உடம்பு ஈ-டைப்புக்கு, அப்புறம் மீதி சக்தி எங்கே போகிறது?

பதில் 1:
முதலில் ஒன்று. உச்ச வேகத்தில் சக்தியெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டவே போய்விடும், அதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 241-ஐ 210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.15, அதன் மும்மடி 1.5. மற்றதெல்லாம் சமம் என்று வைத்தால் 130-க்குப் பதில் 196 குதிரைசக்தி இருந்தாலே 241-ஐத் தொட்டுவிடலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். ஜாகுவார் சொன்ன 265 ‘கிராஸ்’ கணக்கு: ஏர் ஃபில்டர், ஜெனரேட்டர், காரின் சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் சோதனை மேடையில் ஏற்றி அளந்தது. போர்ஷேயின் 130 ‘டின்’ (DIN) என்ற ஜெர்மானியத் தரநிலைக் கணக்கு, காரில் இருக்கிறபடியே எல்லாம் பூட்டி அளந்தது, அதாவது ‘நெட்’. இது எவ்வளவு ஏமாற்றும் என்று பார்க்க அமெரிக்கக் கார்களைப் பாருங்கள். 8.2 லிட்டர் காடிலாக் எல்டராடோ 1971-இல் 365 குதிரைசக்தி, 1972-இல் 235. இன்ஜின் அதேதான், அளக்கும் முறைதான் கிராஸிலிருந்து நெட்டுக்கு மாறியது.

பதில் 2:
அந்த 150 மைலையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். பத்திரிகைச் சோதனைக்குக் கொடுத்த கார்கள் தனிக் கவனத்தோடு தயார் செய்யப்பட்டவை, சாதாரணமாக விற்ற ஈ-டைப்புகள் அவ்வளவு போகவில்லை. இன்னொன்று, குதிரைசக்தி மட்டும் வைத்து ஒப்பிட்டால் காரின் குணமே தெரியாது. 1964-இல் 4.2 லிட்டர் இன்ஜின் வந்தபோதும் கம்பெனி சொன்னது அதே 265-தான், ஆனால் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 260-இலிருந்து 283 பவுண்டு-அடிக்கு ஏறியது, கூடவே முதல் கியருக்கும் சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமமாக்கி கியரை மென்மையாக விழ வைக்கும் அமைப்பு) வந்தது. 3.8-இல் அது கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறக்க டபுள் கிளட்ச் போட வேண்டும் (ஒரே மாற்றத்துக்கு கிளட்சை இரண்டு முறை மிதிப்பது), கொஞ்சம் தவறினாலும் பற்கள் கரகரவென்று கத்தும். ஓட்டுவதற்கு எனக்கு 4.2-தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, இப்போது புரிகிறது. சக்தியை எப்படி அளந்தார்கள் என்று ஒரு பத்தி சேர்க்கிறேன், டார்க்குக்கும் ஒன்று. இன்று ஓடும் கார்களின் வேகத்தை இந்தப் பழைய எண்களோடு ஒப்பிடலாமா?

பதில் 3:
டியூனிங் சரியாக இருந்தால் மட்டும். ஈ-டைப்பில் எஸ்.யூ. கம்பெனியின் மூன்று கார்புரேட்டர்கள் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்புபவை), மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு முறை ஒன்றைச் சமன்செய்யக் கூட இருந்தேன். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து அந்த ‘உஸ்’ சத்தத்தைக் கேட்டோம். நடுவில் இருந்தது தெளிவாக மந்தமாகக் கேட்டது. திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி கேட்டு, மறுபடி திருப்பி, மூன்றும் ஒரே சுருதிக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு முன் மேட்டில் திணறிய அதே கார் அப்புறம் மூன்றாவது கியரிலேயே ஏறியது.