ஆமை 8 நாளா எதுவுமே சாப்பிடல, யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்

முத்து_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், எங்ககிட்ட ஒரு சுல்காட்டா ஆமை இருக்கு, பேரு முத்து, 3 வயசு முடியப்போகுது. காலைல தட்டு வைக்கற சத்தம் கேட்டாலே மூலைலேர்ந்து விறுவிறுன்னு வந்து நிப்பான், அப்படிப்பட்டவன் இப்ப 8 நாளா இலைய மோந்து பாக்கறதோட சரி, தலைய உள்ள இழுத்துக்கிட்டு கண்ண மூடிக்கறான். தக்காளி, வெள்ளரிக்காய், செம்பருத்திப் பூ எல்லாம் வெச்சுப் பாத்தாச்சு, தொடவே மாட்டேங்கறான். போன மாசம் எடை 640 கிராம், இன்னிக்கு 612. மோஷனும் 5 நாளா இல்ல. மூக்குல சளி, நுரை மாதிரி எதுவும் தெரியல. வாயத் தொறந்து சிரிஞ்ச்ல ஊட்டிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்குக் கை நடுங்குது. ராத்திரி ரெண்டு தடவ எழுந்து மூச்சு வருதான்னு பாத்துட்டுதான் படுக்கறேன். என்ன பண்ணட்டும்?

தோட்டக்காரன்:
பயப்படாதீங்க சிஸ்டர். எங்ககிட்ட ஹெர்மன் ஆமை ஒண்ணு இருக்கு, பகல் நேரம் கொறைய ஆரம்பிச்சா அதுவும் இப்படித்தான் சாப்பாட்ட நிறுத்திடும், அப்பறம் சில மாசம் தூங்கி எழுந்து தானா சாப்பிடும். முத்துவும் தூங்கத்தான் ரெடி ஆகறான்னு நெனைக்கறேன், குளிர்ச்சியான எடத்துல விட்டுடுங்க.

பழைய_ஓடு:
தோட்டக்காரன் சார் கோச்சுக்காதீங்க, ஆனா இத உடனே சொல்லியாகணும். சுல்காட்டா குளிருக்குத் தூங்கற ஜாதியே கிடையாது. ஹெர்மன், கிரீக் மாதிரி மத்தியதரைக்கடல் பக்கத்து ஆமைங்கதான் தூங்கும், அதையும் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டி, எடை சரியா இருக்கா, வயிறு காலியா இருக்கான்னு பாத்துட்டுதான் தூங்க விடணும். சுல்காட்டா சஹாராவுக்குத் தெக்க இருக்கற வறண்ட பூமியோட ஆமை, அதக் குளிர்ல விட்டா நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வரைக்கும் போயிடும். தங்கச்சி, தயவுசெஞ்சு அத மட்டும் செஞ்சிடாத.

சிரிஞ்சும் இப்ப வேண்டாம். ஆமை ஒடம்பு தானா சூடாகாது, வெளிலேர்ந்து சூடு கெடைச்சாத்தான் குடலே வேலை செய்யும், குளிர்ந்து கெடக்கற ஆமைக்கு உள்ள தள்ற சாப்பாடு செரிக்காம அங்கேயே அழுகிப்போகும், கொஞ்சம் தவறினாலும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இத்தன வருஷமா ஆமை வளக்கறேன், சாப்பிட மாட்டேங்குதுன்னு கேட்டு வந்தவங்கள்ல நெறைய பேருக்குக் கோளாறு தட்டுல இல்ல, லைட்லதான் இருந்துச்சு.

அதனால மொதல்ல ஒரு தெர்மோமீட்டர எடுத்து, சூடு தர்ற லாம்ப்புக்கு நேர் கீழ, முத்துவோட முதுகு எந்த ஒசரத்துல இருக்குமோ அந்த ஒசரத்துல வெச்சுப் பாரு. செவுத்துல மாட்டி வெச்ச மீட்டர நம்பாத. லாம்ப்புக்கு அடில 35 டிகிரி கிட்ட வரணும், எதிர்ப்பக்கம் 27 இருந்தா நல்லது. யூவிபி பல்பு, அதான் வெயில்ல இருக்கற மாதிரி புற ஊதாக் கதிர் தர்ற பல்பு, எப்ப வாங்கினதுன்னும் சொல்லு, அது கண்ணுக்கு நல்லா எரியற மாதிரிதான் தெரியும், ஆனா 6 மாசத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள அதுல வர்ற யூவிபி ரொம்பக் கொறைஞ்சிடும், அது இல்லன்னா வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் ஒடம்புல ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு ஒதவாது, கண்ணாடி யூவிபிய தடுத்துடும்.

இன்னிக்கே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, வெதுவெதுப்பான தண்ணில குளியல். மேல் ஓடும் கீழ் ஓடும் சேர்ற எடம் வரைக்கும் தண்ணி, தலைய சிரமமில்லாம வெளிய வெச்சுக்கணும், 20 நிமிஷத்துலேர்ந்து அரை மணி நேரம் வரை, தண்ணி ஆறினா மாத்து, தனியா விட்டுட்டுப் போகாத. பெரும்பாலும் அதுலயே தண்ணி குடிக்கும், மோஷனும் போகும். சிறுநீரோட வெள்ளையா ஒண்ணு வரும், அது கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருந்தா பரவால்ல, மணல் மாதிரி நறநறன்னு இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம், அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ஆமா, தரைல என்ன பரப்பி வெச்சிருக்க? மண்ணா, கூழாங்கல்லா?

தோட்டக்காரன்:
ஜாதிக்கு ஜாதி இவ்ளோ வித்தியாசம்னு எனக்குத் தெரியல, தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்.

முத்து_அம்மா:
ஐயோ பரவால்ல சார், அக்கறைலதான சொன்னீங்க. அண்ணா, இப்பதான் அளந்தேன், லாம்ப்புக்கு அடில வெறும் 27! ரெண்டு வாரம் முன்னாடி பெட்டிய கழுவினோம், அப்ப லாம்ப் பிடிச்சிருக்கற கிளாம்ப மேல ஏத்தி மாட்டிட்டோம் போல, நான் கவனிக்கவே இல்ல. யூவிபி பல்பு வாங்கி 14 மாசம் ஆச்சு. கீழ மண்ணுதான், ஆனா அழகுக்குன்னு ஒரு ஓரத்துல சின்னச் சின்னக் கூழாங்கல் போட்டிருக்கேன். இதெல்லாம் படிச்சிட்டு அழுகையா வருது.

நிழல்மரம்:
அழாதீங்க, இப்பவாவது தெரிஞ்சுதே. ஆனா லைட்ட சரி பண்ணிட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. எங்க ராணி 11 வருஷம் எங்ககூட இருந்தா, இதே மாதிரி சாப்பாட்ட நிறுத்தினா, சூட்ட ஏத்தினோம், ரெண்டு நாள் கொஞ்சம் கொறிச்சா, நாங்களும் நிம்மதியாயிட்டோம், அப்பறம் மறுபடி நிறுத்தினப்ப இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் ஒரு வாரம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டோம், கடைசில எக்ஸ்ரே எடுத்தா மூத்திரப்பைல பெரிய கல்லு. ஆபரேஷன் தாங்கற நெலமைல அவ அப்ப இல்ல. அந்த முதல் வாரமே போயிருந்தா பொழைச்சிருப்பாளோன்னு இன்னிக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

ஆமை, ஓணான் எல்லாம் பாத்துப் பழக்கமுள்ள டாக்டரா தேடிப் போங்க. புதுசா போன மோஷன் கொஞ்சம் எடுத்துட்டுப் போனா புழு இருக்கான்னு பாப்பாங்க, வாய்க்குள்ள புண்ணு இருக்கா, அலகு வளந்து கடிக்க முடியாம இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், நாய்க்கும் மாட்டுக்கும் புழுவுக்குப் போடற ஐவர்மெக்டின் ஆமைக்கு ஆகவே ஆகாது, உயிரே போயிடும், அதனால யாராவது ஊசி எடுத்தா என்ன மருந்துன்னு கேக்கத் தயங்காதீங்க. வளந்த பொட்டை ஆமை வெச்சிருக்கறவங்க யாராவது இத படிச்சா, ஆண் ஆமையே இல்லாட்டியும் முட்டை உண்டாகும், தங்கிப்போனாலும் சாப்பிடாது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

முத்து_அம்மா:
6 நாள் கழிச்சு எழுதறேன், எல்லாரும் மன்னிக்கணும். அன்னிக்கே லாம்ப எறக்கி மாட்டினோம், இப்ப 35 நிக்குது, யூவிபி பல்பும் மாத்தியாச்சு. மூணாவது நாள் குளியல்ல நெறைய மோஷன் போனான், அதுக்குள்ள ரெண்டு கூழாங்கல் இருந்துச்சு அண்ணா, எனக்கு ஒடம்பே சில்லிட்டுப் போச்சு. மறுநாளே டாக்டர்கிட்ட போனோம், எக்ஸ்ரேல இன்னும் ஒரு சின்னக் கல்லு குடல்ல தெரியுது, அது தானா வெளிய வந்துடும், வரலன்னா பாக்கலாம்னு சொன்னாங்க, மூத்திரப்பைல கல்லு இல்ல, வாயும் சுத்தமா இருக்கு. தண்ணிச் சத்து கொறைஞ்சிருக்குன்னு தோலுக்கு அடில ஊசி வழியா திரவம் ஏத்தினாங்க. இன்னிக்குக் காலைல செம்பருத்தி இலைய மூணு கடி கடிச்சான், நானும் வீட்டுக்காரரும் மூச்சு விடாம பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தோம். எடை 618. கல்லெல்லாம் அள்ளி வெளிய போட்டாச்சு. நிழல்மரம் அக்கா, ராணிய பத்தி நீங்க எழுதினதாலதான் தள்ளிப்போடாம கெளம்பினேன்.

பழைய_ஓடு:
ரொம்ப சந்தோஷம்மா. அந்த ஒரு கல்லு வெளிய வர்ற வரைக்கும் தினமும் குளியல விடாத, மோஷன கிளறிப் பாரு, பாத்துட்டுக் கைய சோப்பு போட்டுக் கழுவு, ஆமைகிட்ட சால்மொனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமி இருக்கலாம். வாரா வாரம் ஒரே நேரத்துல எடை போட்டு எழுதி வெச்சுக்கோ. பசி நல்லா திரும்பினதும் தக்காளி, பழமெல்லாம் நிறுத்திடு, சுல்காட்டாவுக்குப் புல்லும் காய்ஞ்ச புல்லும்தான் முக்கியமான சாப்பாடு. கல்லு வந்ததும் இங்க ஒரு வரி போடு.