ஃபால்கர்க் வீல்: போட்ல ஏறணுமா, கீழ நின்னு பாத்தா போதுமா?

சாரல்77:
லீவுல குடும்பத்தோட ஸ்காட்லாந்து வர்றோம், ஒரு நாள் ஃபால்கர்க் வீலுக்குன்னு (ரெண்டு கால்வாய்க்கு நடுவுல, ரெண்டு தொட்டி வச்சு சுத்தி போட்ட மேல ஏத்தி கீழ எறக்குற பெரிய லிஃப்ட்) ஒதுக்கியிருக்கோம், கூட மாமியாரும் ஆறு வயசு பையனும். வீடியோல பாத்தா ரொம்ப மெதுவா சுத்துது, டிக்கெட் எடுத்து போட்ல போறது வொர்த்தா? மாமியார் வேற ராட்டினம் மாதிரி தலைகீழா சுத்துமான்னு இப்பவே கேக்குறாங்க. அன்னைக்கே கெல்பீஸ்ங்கிற குதிரைத் தலை சிலைகளையும் பாத்துட முடியுமா?

கரையோரம்:
தலைகீழால்லாம் ஆகாதுங்க, அம்மாவுக்கு தைரியம் சொல்லுங்க. போட் நிக்கிற தொட்டி எப்பவும் நேரா தான் இருக்கும், அதுக்குன்னே பெரிய பெரிய பல்சக்கரம் வச்சிருக்காங்க. பாதி சுத்து தான், அஞ்சு நிமிஷம் போல ஆகும், 24 மீட்டர் மேல போயிடலாம். ஆனா ஏறுறதுக்கு முன்னாடி வெளிய நின்னு ஒரு தடவை முழுசா பாத்துருங்க, அதுக்கு டிக்கெட் வேணாம். உள்ள உக்காந்துட்டா வீல் சுத்துறதே சரியா தெரியாது, கரை கீழ எறங்குறது மட்டும் தான் தெரியும்.

நட்டுபோல்ட்டு:
பையன் கண்டிப்பா கேப்பான், ஒரு தொட்டில போட் இருக்கு இன்னொன்னுல வெறும் தண்ணி தான, வெயிட் ஒரு பக்கம் சாயாதான்னு. சாயாது. போட் உள்ள வந்ததும் அதோட எடைக்கு சமமான தண்ணி வெளிய போயிடும், ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஒண்ணா இருந்தா எடையும் ஒண்ணு, நம்ம ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடீஸ் தான். அதனால ஒரு தடவை சுத்த ஒன்றரை யூனிட் கரண்ட் போதும்!! முன்னாடி இங்க 11 லாக் (கதவ மூடி தண்ணி மட்டத்த ஏத்தி எறக்கி போட்ட படிப்படியா கொண்டு போற அடைப்பு) இருந்துச்சு, ஒவ்வொண்ணா தாண்டிப் போக கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகுமாம், 1933ல மூடிட்டாங்க, அப்புறம் ரெண்டு கால்வாயும் திரும்ப சேந்தது 2002ல இந்த வீல் வந்தப்ப தான்.

மிதவை:
எல்லாம் சரி, மேல போனதும் ஒரு டனல் வழியா போயி போட்ட திருப்பிட்டு வருவாங்க, அந்த நேரம் எங்க வாண்டுக்கு செம போர். டனல் எதுக்குன்னா மேல ரோமானியர் கட்டுன ஆன்டனைன் சுவர் இருக்கு, அத ஒடைக்காம அடியில கொடஞ்சிருக்காங்க, இத முன்னாடியே கதையா சொல்லி வச்சீங்கன்னா தப்பிச்சீங்க. கெல்பீஸ் தாராளமா முடியும், 30 மீட்டர் உயரத்துல ரெண்டு குதிரைத் தலை, கால்வாய் ஓரமாவே நடந்தும் போலாம் ஆனா பெரியவங்க இருக்காங்கல்ல, கார் தான் சரி.

சாரல்77:
டிக்கெட் போட்டுடறேன், ரொம்ப தேங்க்ஸ். மழை வந்தா நிறுத்திடுவாங்களா?

கரையோரம்:
மழைக்கு பிரச்சனை இல்ல, போட்டுக்கு கூரை இருக்கு. காத்து பலமா இருந்தா தான் சந்தேகம், கிளம்புறதுக்கு முன்னாடி வெப்சைட்ட ஒரு தடவை பாத்துக்கோங்க.