படித்த நாடு ஏன் கடன் கட்ட முடியாமல் நின்றது?

கரையூரான்:
இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி. வைத்தியமும் இலவசம். உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு மனித மூலதனக் குறியீட்டில் எங்களுக்கு 0.60, இந்தியாவுக்கு 0.49. முழுமையான கல்வியும் சுகமும் கிடைத்தால் ஒரு பிள்ளை வளர்ந்து எவ்வளவு உழைக்குமோ, அதில் 60 சதவீதத்தை இங்கே பிறக்கும் பிள்ளை எட்டும் என்பது அதன் பொருள். அவ்வளவு இருந்தும் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தோம். மனித மூலதனம்தான் நாட்டின் அத்திவாரம் என்று மேடைக்கு மேடை சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். முதலில் துறைமுகம், மின்சாரம், தொழிற்சாலை. வேலை இருந்தால் சனம் தானாகப் படிக்கும்.

கொழுந்துமலை ஆசிரியை:
அண்ணா, கடனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 2019 டிசம்பரில் பொருள் வாங்கும்போது கட்டும் வற் (VAT) வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்ததால் அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. 2021இல் திடீரென்று இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதால் நெல்லும் தேயிலையும் விழுந்தன. விளைச்சல் படுத்துவிடும் என்று விவசாய விஞ்ஞானிகள் முன்கூட்டியே சொன்னார்கள். நாட்டில் அறிவு இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அப்புறம், அந்த 0.60 நாட்டுக்கே சராசரி. அதில் மலையகத் தேயிலைத் தோட்டம் தெரியாது. 1948இல் தோட்டத்தில் உழைக்கும் எங்கள் மலையகத் தமிழ் ஆட்களின் குடியுரிமை போனது. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்றதே 1970களில்தான். இன்றும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பஸ் காசு இல்லாத வீட்டில் அந்த ஆசை பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துபோகும். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 1945இலிருந்து இலவசக் கல்வி கொடுத்தோம் என்று எங்களிடம் வந்து சொல்லாதீர்கள்.

கரையூரான்:
தங்கச்சி, தோட்டத்துக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் படித்த பகுதிகளில் மட்டும் என்ன நடந்தது? பட்டதாரிகள் அரசாங்க வேலை கேட்டு வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வியட்நாமைப் பாருங்கோ. 1986இல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள், பிறகு சாம்சங் போன்ற கொம்பனிகள் வந்தன. தொழிற்சாலைதான் அவர்களைத் தூக்கிவிட்டது.

வடலி:
வியட்நாம் உங்களுக்கு எதிரான சாட்சி அண்ணை. நீங்கள் காட்டிய அதே குறியீட்டில் அவர்களுக்கு 0.69. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் 2012 பீசா (PISA) தேர்வில் வியட்நாம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் அமெரிக்கப் பிள்ளைகளையும் பிரித்தானியப் பிள்ளைகளையும் முந்தினார்கள். வாசிக்கத் தெரிந்த, சொன்னதைப் பிடித்துக்கொள்கிற இளம் ஆட்கள் ஏராளமாக இருந்த இடத்துக்குத்தான் தொழிற்சாலை போனது.

நான் தாதி. ஊரில் பயிற்சி எடுத்து இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறேன். பிரசவ விடுதியில் நின்றவள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1930களில் இலங்கையில் லட்சம் பிரசவத்துக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவில் நிற்கிறது. நாடு பணக்காரன் ஆகி இது நடக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகப் போனாள், எழுதப் படிக்கத் தெரிந்த தாய் அவள் சொன்னதைக் கேட்டாள். ஏழை நாடாக இருந்தபோதே இதைச் செய்தோம். கடன் கட்ட முடியாமல் போன ஒரு வருடத்தை வைத்து இதையெல்லாம் வீண் என்பீர்களா?

கரையூரான்:
வீண் என்று சொல்லவில்லை. காசாக மாறவில்லை என்கிறேன். நீங்களே வெளிநாட்டில்தானே நிற்கிறீர்கள் அக்கா? பயிற்சிச் செலவு எங்கள் வரிப்பணம். பலன் வேறு நாட்டுக்கு.

வடலி:
உண்மைதான், ஆனால் ஏன் போகிறோம் என்றும் பாருங்கோ. 1970களில் மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப அனுமதிப் புள்ளியை மாற்றிய தரப்படுத்தல் வந்து எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியது? அவர்களில் பலர் போய்த் திரும்பவேயில்லை. பிறகு போர். 2022க்குப் பிறகு சம்பளத்தின் பெறுமதி கரைந்ததால் வைத்தியர்களும் தாதிகளும் கூட்டமாகக் கிளம்பினார்கள். வளர்த்த ஆட்களை நாடு வைத்திருக்கத் தவறியது.

இருக்கிற ஆட்களையாவது பயன்படுத்துகிறோமா? பல்கலைக்கழகம் போவோரில் பாதிக்கு மேல் பெண்கள். வேலை வயதுப் பெண்களில் வேலைக்குப் போவோரோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பிள்ளையைப் பார்க்க இடமில்லை, இருட்டினால் பாதுகாப்பான பஸ் இல்லை. இதைச் சரிசெய்ய துறைமுகம் தேவையில்லை.

கரையூரான்:
பெண்கள் கணக்கு எனக்கு உறைக்கிறது. அதற்குச் செலவழிக்கலாம். ஆனாலும் அந்தப் பெண் எங்கே வேலைக்குப் போவாள்? ஆடைத் தொழிற்சாலையை விட்டால் தனியார் துறையில் பெரிதாக என்ன இருக்கிறது? வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகைதான் இருக்கும். நான் அதைக் கைத்தொழில் வலயத்துக்குத்தான் போடுவேன்.

கொழுந்துமலை ஆசிரியை:
கல்விக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் போகிறது அண்ணா, அதிலிருந்து எடுக்காமல் உங்கள் வலயத்தைக் கட்டுங்கள். நுவரெலியாவில் கட்டினால் இன்னும் சந்தோஷம். ஆனால் அங்கே இயந்திரத்தைப் பழுது பார்க்க ஆள் தேடும்போது, எங்கள் பிள்ளைகளுக்கு வாசலில் காவலாளி வேலை மட்டும் மிஞ்சக் கூடாது. அதனால் எனக்கு முதலில் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் வேண்டும், இந்த வருடமே.