பட்டாளத்துச் சைக்கிளும் துவக்கும்: நீங்கள் கையால் தொட்டவை

பேர்ண், சுவிஸ்

இராணுவச் சைக்கிளையோ துவக்கையோ தூக்கி, ஓட்டி, கழற்றித் துடைத்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுதுங்கள். படத்தில் பார்த்தது வேண்டாம். முதலில் நானே தொடங்குகிறேன்.

நான் சுவிஸுக்கு வந்தது 80களின் நடுவில். பேர்ண் நகரத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை செய்தேன். பாத்திரம் எல்லாம் கழுவி முடிய கடைசி பஸ் போய்விடும். நடந்துதான் வீட்டுக்கு வருவேன். கீழ்வீட்டில் இருந்த முதியவர் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை என்னைக் கெல்லருக்கு, அதாவது வீட்டின் நிலக்கீழ் அறைக்கு, கூட்டிப்போய், சுவரோரம் நின்ற ஒரு சைக்கிளைக் காட்டினார். மங்கிய ஒலிவ் பச்சை. முன்னுக்கும் பின்னுக்கும் கரியர், சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை. "தூக்கிப் பார்" என்றார். தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. சாமான் ஒன்றும் ஏற்றாமலே 20 கிலோவுக்கு மேல்.

அதுதான் சுவிஸ் இராணுவத்தின் 1905ஆம் ஆண்டு மாதிரி. சனங்கள் 'மிலிட்டேர்வெலோ' என்பார்கள். 1905இல் தொடங்கி 80களின் கடைசி வரைக்கும் பெரிய மாற்றம் இல்லாமல் அதையே செய்தார்கள், மொத்தம் 68,000க்கு மேல். என் முதியவர் சைக்கிள் படையில் இருந்தவர். அந்தப் படையை 1891இலேயே அமைத்துவிட்டார்களாம். வண்டியைச் சிப்பாயின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், வேலைக்கும் கடைக்கும் அதிலேயே ஓடி, பயிற்சிக்குக் கூப்பிடும்போது அதோடு போய் நிற்க வேண்டும்.

அமைப்பைச் சொல்கிறேன். சட்டத்துக்கு ஒரே ஒரு அளவுதான். கட்டையானவனுக்கும் நெட்டையனுக்கும் அதே சட்டம், சீற்றை ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டும். கியர் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சில்லு பிறேக் பிடிக்கும். முன்சில்லுக்கு ஒரு ரப்பர்க் கட்டை. பிடியை அழுத்தினால் அது மேலிருந்து இறங்கி ரயரின் முதுகில் உட்காரும். பிறகு வந்த வண்டிகளில் பின்சில்லுக்கு டிரம் பிறேக்கும் சேர்த்தார்கள். அவர் தந்ததில் அது இல்லை.

ஊரில் அப்பாவின் றலி சைக்கிளில், பாருக்குள்ளால் காலை விட்டு ஓடப் பழகியவன் நான். யாழ்ப்பாணம் தட்டைப் பூமி. பேர்ணில் ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறேன், அதில் வெட்கமில்லை. இறக்கம்தான் பயம். பின்பிறேக்கை மட்டும் நம்பி நீண்ட இறக்கத்தில் வந்தால் அச்சுக்குள் கிறீஸ் சூடாகி மணக்கத் தொடங்கும். அப்படி மணந்தால் இறங்கி நின்று ஆறவிடு என்று முதியவர் சொல்லித் தந்தார். முன்பிறேக் மழையில் ஒன்றுக்கும் உதவாது. ஒரு நவம்பர் இரவு ரப்பர்க் கட்டை ஈர ரயரில் வழுக்கிக்கொண்டே போக, டிராம் தண்டவாளத்தில் சில்லு மாட்டி விழுந்தேன். முழங்கையில் நல்ல காயம். சைக்கிளுக்கு ஹாண்டில் கொஞ்சம் திரும்பியதோடு சரி. அடுத்த நாள் முதியவர் முன்சில்லை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து, ஹாண்டிலை ஒரு திருப்புத் திருப்பி நேராக்கினார். ஒரு ஸ்பானர்கூட எடுக்கவில்லை.

எனக்கு அந்த வண்டியில் பிடித்ததும் அதுதான். உடையாதது என்று சொல்லமாட்டேன். உடைந்தால் உன் கையாலேயே சரிப்படுத்தலாம். 90களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். எதைத் திறந்து பார்க்கலாமோ அதைத்தான் நம்புவோம்.

இனித் துவக்கு. முதியவரின் வீட்டில், குடை வைக்கும் அலுமாரிக்குள், குடைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு துவக்கு நின்றது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. துவக்கு இருக்கிற வீடு என்றால் எங்களுக்கு வேறு அர்த்தம். அவருக்கு அது சைக்கிளைப் போல, தன் பொறுப்பில் விடப்பட்ட ஒரு சாமான்.

அதன் பெயர் காராபினர் 31. பேர்ண் ஆயுதத் தொழிற்சாலையில், நான் இருந்த அதே ஊரில், 1933 முதல் 1958 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் அடோல்ஃப் ஃபுரர். ஊரில் பொலிஸ்காரர் வைத்திருந்த 303 துவக்கில் போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்க வேண்டும், நாலு அசைவு. இதில் இரண்டே இரண்டு. நேராக இழு, நேராகத் தள்ளு. தள்ளும்போது பக்கத்துத் தண்டின் முளை ஒரு சுருள் பள்ளத்தில் ஓடி, போல்ட்டைத் தானாகத் திருப்பிப் பூட்டிவிடும். முதியவர் என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். வெண்ணெய் தடவினது போல இருந்தது.

நேராக இழுக்கும் முறை 1889ஆம் ஆண்டுத் துவக்கிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் பூட்டும் முளைகள் பின்னுக்கு இருந்ததால் போல்ட் நீளம். ஃபுரர் முளைகளை முன்னுக்குக் கொண்டுவந்து, தோட்டா இருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே பூட்ட வைத்தார். அதனால் இயந்திரப் பகுதி குறுகியது. மிச்சம் பிடித்த இடத்தைக் குழலுக்குக் கொடுத்தார். முந்தின காராபினர் 11இன் குழல் 59 சென்டிமீட்டர், இதன் குழல் 65. துவக்கின் மொத்த நீளம் ஏறக்குறைய அதே 1.1 மீட்டர்தான். குழல் கூடியும் எடை பெரிதாகக் கூடவில்லை, 4 கிலோதான். இந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மதிப்பு வரும்.

பிறகு அவர் ஒரு திருப்புளி எடுத்துவந்து, துவக்கின் அடிப்பக்க இரும்புத் தட்டின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றினார். தட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மடித்து வைத்த ஒரு சின்னக் காகிதம். அவருடைய பெயர், படைப்பிரிவு, விலாசம். இளம் வயதில் அவரே எழுதி வைத்தது. மை கொஞ்சம் மண்ணிறமாகியிருந்தது. அவர் அதை வாசித்துக் காட்டவில்லை, என் கையில் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அவரோடு 300 மீட்டர் சுடுதளத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் முடிய முன்னர் சிப்பாய்கள் அங்கே வந்து கட்டாயச் சூட்டுப் பயிற்சியை முடிக்க வேண்டும். 20 தோட்டா, 85 புள்ளியில் 42 எடுத்தால் போதும். வயது போயும் முதியவர் தன் பழைய துவக்கோடு சங்கத்தில் சுட்டுக்கொண்டே இருந்தார். தோட்டாவும் பழையதுதான், 1911இல் வந்த ஜிபி11. கண்ணாடி போட்டிருந்தார், கை நடுங்கும். ஆனால் துவக்கின் கட்டை தோளில் பட்டவுடன் நடுக்கம் நின்றுவிடும்.

என் மகனுக்குக் குடியுரிமை கிடைத்து, அவனும் இராணுவப் பயிற்சி முடித்து, ஸ்டூர்ம்கெவேர் 90 என்ற இராணுவத் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு இரவு மனைவி தூங்கவில்லை. "உந்தச் சாமான் என்ர வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். அவளுடைய இரண்டு தம்பிமாரும் இல்லை, காரணம் எழுதவேண்டியதில்லை. மகன் போல்ட்டைக் கழற்றித் தன் அறையில் வைத்துப் பூட்டினான், மிச்சத்தைக் கெல்லரில் வைத்துப் பூட்டினான். "அம்மா, இப்ப அது துவக்கு இல்லை, இரும்பு" என்றான். அவள் நம்பவில்லை. நானும் கொஞ்ச நாள் கெல்லருக்குப் போகாமலே இருந்தேன்.

முதியவர் இப்போது இல்லை. துவக்கு அவர் பேரனிடம். சைக்கிள் என்னிடம்.

சூரிச்

அண்ணா, வாசித்து முடித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் 14 வயதில் ஸ்டூர்ம்கெவேர் 90 சுட்டிருக்கிறேன். சூரிச்சில் ஒவ்வொரு செப்டெம்பரும் அல்பிஸ்கூட்லி சுடுதளத்தில் க்னாபென்ஷீசன் என்ற சூட்டுப் போட்டி நடக்கும். பெயர்தான் பையன்கள் சூடு, 1991 முதல் பெண் பிள்ளைகளும் சுடலாம். வயது 13 முதல் 17. வகுப்பில் எல்லோரும் போனார்கள், நானும் போனேன்.

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். படுத்துக்கொண்டு சுடுவது, முன்னுக்கு இரண்டு கால் இருக்கிறது, எடையை நிலம் வாங்கிக்கொள்ளும். தோளில் தள்ளியது நான் எதிர்பார்த்த அளவு இல்லை. தோட்டாப் பெட்டி கண்ணாடி மாதிரி. உள்ளே எத்தனை மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும், எண்ண வேண்டாம். விசைக்கு வெளியே உள்ள வளையத்தைப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம் என்று பக்கத்தில் நின்ற அண்ணா காட்டினார். பனியில் தடித்த கையுறையோடு சுடுவதற்காம். இந்த ஊர்க் குளிரை அறிந்தவர்கள் செய்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

5 தோட்டா சுட்டேன். புள்ளியை எழுதமாட்டேன், குறைவுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சிரித்தார், அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. உங்கள் வீட்டு இரவைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.

ஈப்போ, மலேசியா

நான் தொட்ட கதை இல்லை, தாத்தா தொட்ட கதை. அனுமதி கொடுத்தால் எழுதுகிறேன், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

தாத்தா பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1941 டிசம்பர் 8இல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அடுத்த சில வாரத்தில் தோட்டத்துப் பக்கத்துப் பெரிய ரோட்டில் சைக்கிள் சைக்கிளாகப் போனார்களாம். இராத்திரியில் லயத்தில் படுத்திருந்தால் கடகடவென்று சத்தம். டாங்கி வருகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குள் ஓடியிருக்கிறார்கள். பார்த்தால் டாங்கி இல்லை. வெயிலில் டயர் வெடித்து, ஒட்ட நேரமில்லாமல் வெறும் ரிம்மிலேயே தார் ரோட்டில் ஓட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் இந்தச் சத்தம் டாங்கி மாதிரி கேட்டதாகப் பிறகு நானே படித்தேன்.

தாத்தாவின் சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது ஜப்பானில் செய்து சண்டைக்கு முன்னாலேயே மலாயாவில் மலிவாக விற்ற சைக்கிள். அதனால் அவர்களுடைய உடைந்த சைக்கிளுக்கு வேண்டிய செயினும் பெடலும் எந்தக் கம்பத்து (கிராமத்து) கடையிலும் கிடைத்தது. அண்ணன் சொன்ன 'உன் கையாலேயே சரிப்படுத்தலாம்' என்பது இங்கே எங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்துவிட்டது, மொத்தம் 70 நாள்.

துப்பாக்கியைப் பற்றித் தாத்தா சொன்னது ஒன்றுதான்: "ஆளைவிடத் துப்பாக்கி பெருசு." ஒரு காட்சியகத்தில் அவர்களுடைய அரிசாக்கா 38 துப்பாக்கியைப் பார்த்தேன், கிட்டத்தட்ட 1.28 மீட்டர். மேலே சாமந்திப் பூ முத்திரை. பக்கத்திலேயே சண்டை முடிகிற காலத்தில் செய்த அரிசாக்கா 99 ஒன்றும் வைத்திருந்தார்கள். அதில் அரம் போட்ட தடம் அப்படியே இருந்தது, அடித்தட்டு இரும்புக்குப் பதிலாக மரம். ஒரு நாடு தோற்றுக்கொண்டு இருப்பது அந்த மரத்தட்டில் தெரிந்தது.

டோர்ட்முண்ட், ஜெர்மனி

அண்ணா, போன மாதம் பழைய சாமான் சந்தையில் நீங்கள் சொன்ன அதே 1905 மாதிரி வாங்கினேன். சட்டம் நல்லாயிருக்கு, ரயர் இரண்டும் வெடித்துப்போச்சு. இங்கே சாதாரண 26 அங்குல ரயர் வாங்கிப் போட்டுப் பார்த்தால் ரிம்மில் ஏறவே மாட்டன் என்குது. என்ன அளவு வேண்டும்? பிறகு, இதற்குப் பின்னர் வந்த 1993ஆம் ஆண்டு மாதிரி இதைவிட நல்லதா?

பேர்ண், சுவிஸ்

மலேசியத் தம்பி, நீக்க மாட்டேன். தாத்தாவின் கதை இங்கேயே இருக்கட்டும்.

டோர்ட்முண்ட் தம்பிக்கு: 26 என்று கேட்டால் மலைச் சைக்கிளின் ரயரைத் தருவார்கள், அது சின்னது. உங்களுக்கு வேண்டியது 26க்கு ஒன்றரை, இப்போது கடைகளில் 650பி என்பார்கள். ரயரின் பக்கத்தில் 584 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னர் தேடி அலைந்தேன், இப்போது அந்த அளவு திரும்பவும் வந்துவிட்டதால் சுலபமாகக் கிடைக்கும்.

93இல் 7 கியர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிறேக். மழையில் அதுதான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எடை 25 கிலோ அளவு. மொத்தம் 5,500 தான் செய்தார்கள், 2003இல் சைக்கிள் படையையே நிறுத்திவிட்டார்கள்.

ரயர் போட முன்னர் பின் அச்சைக் கழற்றி, பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி எடுங்கள். சூட்டைத் தாங்கும் கிறீஸ் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணமானது இறக்கத்தில் உருகி ஓடிவிடும். முன்பிறேக்கின் ரப்பர்க் கட்டை கடையில் கிடைக்காது. பழைய லொறி ரயரின் ஓரத்தில் வெட்டி நான் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். விலாசத்தைத் தனியாக அனுப்பினால் ஒன்றைத் தபாலில் போடுகிறேன்.